பெட்டியில் இல்லாத படம்

சிறைச்சாலை
08.10.2023

அன்புத் தங்கச்சி யசோதினிக்கு,

அண்ணன் கேதீசன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, இருக்கிறேன். நீயும் மச்சான் நிலோஜனும் எப்படி என்று உடனே எழுது.

உன் போன் வாவியில் விழுந்துவிட்டதாக மச்சான் சொன்னான். போன மாதம் எனக்குப் பேசக் கிடைத்த ஐந்து நிமிசமும் அவனோடுதான் போயிற்று. இனிக் கடிதம்தான். இங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் ஒரே ஒருவர். அவர் வாசித்து முத்திரை குத்தினால்தான் கடிதம் உள்ளே வரும், வெளியே போகும். அவருக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் எல்லோருக்கும் ஊர்ப் புதினம் இல்லை.

லொறி ஓடி ஒரு மனிசனின் உயிரை எடுத்தவனுக்கு இரண்டு வருசம் அதிகமில்லை. அதில் எனக்கு முறைப்பாடு கிடையாது. படம் இல்லாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. இங்குள்ள டி.வி.யில் கிரிக்கெட், அதை விட்டால் அழுகை நாடகம்.

ஒரு வேலை செய். என் டிஸ்க் கடையை மூடும்போது உன் வீட்டில் கொண்டுவந்து வைத்தேனே, தகரப் பெட்டி, அதைத் திற. ஒருத்தரும் சீந்தாத பேய்ப்படங்கள் நூற்றுச் சொச்சம் இருக்கும். வாயில் நுழையாத பாசைகள் என்பதால் நானே மார்க்கரால் தமிழ்ப் பேர் எழுதி வைத்திருக்கிறேன். சிலதை நீயும் என்னோடு இருந்து பார்த்திருக்கிறாய். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கதையை எழுதி அனுப்பு. அறையில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.

முதலில் 'உப்புக் கிணறு'. ஐந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டில் ஒரே கமெராவில் எடுத்தது. தனியாக இருக்கும் ஒரு கிழவி, கிழமைக்கு ஒரு படி ஏறும் கிணற்றுத் தண்ணீர். அவ்வளவுதான். பேய் கடைசிவரை வராது. காசுள்ளவன் பேயைக் காட்டிப் படத்தைக் கெடுப்பான். காசில்லாதவன் வெறும் கதவைக் காட்டுவான், நமக்கு உயிர் போய்விடும்.

மச்சான் கடையில் என்னோடு ஏழு வருசம் இருந்தும் ஒரு பேய்ப்படம் முழுதாகப் பார்க்கவில்லை, பயந்தாங்கொள்ளி. அவன் இல்லாத நேரமாகப் பார். ஆனாலும் அவன் உன்னோடு இருக்கிறான் என்பதுதான் இங்கே எனக்கு நிம்மதி.

உன் அண்ணன்,
கேதீசன்


நாவற்குடா
02.11.2023

அன்பின் அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மழை பிடித்துவிட்டது, வாவித் தண்ணீர் பின்வளவு வேலி வரைக்கும் வந்து நிற்கிறது. உங்களுக்கு அங்கே குளிர் எப்படி? நெஞ்சுச் சளி குறைந்ததா?

இவர் என் கடிதத்தை வாசித்துப் பார்த்துத் தானே கொண்டுபோய்த் தபாலில் போடுவார். "அண்ணனும் தங்கச்சியும் பேய்க்கதை எழுதுறீங்க, விசர்தான்" என்று சிரிக்கிறார். எனக்கு வெளியில் போகிற சோலியே இல்லை.

உப்புக் கிணறு பார்த்தேன். அந்தப் பெண் தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் குசினி வாசலில் ஒரு ஆள் கதிரை போட்டு இருப்பார். ஒன்றும் சொல்வதில்லை. வாளி இறங்குவதையும் ஏறுவதையும் விரல் மடித்து எண்ணுவார். ஒரு வாளி கூடிப்போனால் "ஆருக்கு?" என்று மெல்லக் கேட்பார். வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஆனாலும் அவள் கிறுகிப் பின்னால் பார்ப்பாள், யாரோ இருக்கிறார்களாக்கும் என்று.

ஒரு நாள் அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டி, "என்னகா, கன நாளாக் காணல்ல?" என்கிறாள். அந்த ஆள் எழும்பிப் போய், முகமெல்லாம் சிரிப்பாக, "அவக்குக் கொஞ்சம் தலையிடி" என்கிறார். அப்போதுதான் அவருடைய குரல் முழுதாகக் கேட்கிறது. அவ்வளவு நல்ல குரல். எனக்குப் படத்தில் பயமான இடம் அதுதான் அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி,
யசோதினி


சிறைச்சாலை
27.11.2023

யசோ,

சுகமாக இருக்கிறேன், ஆனால் கோபமாக இருக்கிறேன். அடியேய், எந்தப் படத்தைப் பார்த்தாய்? உப்புக் கிணற்றில் ஆம்பிளையே இல்லை! நடித்தது மொத்தம் ஒரு கிழவி, ஒரு ஆடு. கதிரையாம், விரல் மடித்து எண்ணுகிறாராம். பாதிப் படத்தில் நித்திரை கொண்டுவிட்டு மீதியைக் கனவில் பார்த்திருக்கிறாய்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அறையில் உள்ளவர்கள் என்னை இரண்டு தரம் வாசிக்க வைத்தார்கள். கல்முனைச் சாலிஹ் நானா, அறுபது வயது மனிசன், "அந்தக் கதிரைக்காரன் ஆர்?" என்று மூன்று நாளாகக் கேட்கிறார். நான் அப்படி ஒருவன் படத்தில் இல்லை என்றால் நம்புகிறாரில்லை.

அடுத்தது 'வாடகைக்கு வந்தவர்'. இதை நீ என்னோடு கடையில் பார்த்தாய், ஞாபகம் இருக்கும். ஒரு வார்த்தையும் பேசாத படம். ஒரு கிழமைக்கு என்று வந்தவர் போகவே மாட்டார். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

கேதீசன்


நாவற்குடா
30.12.2023

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வர நாள் எடுத்தது, பதில் எழுத எனக்கும் நாள் எடுத்தது, குறை நினைக்க வேண்டாம். நாங்கள் நலம். இவர் போன கிழமை அயலுக்கெல்லாம் மீன் வாங்கிக் கொடுத்தார். "உனக்கு வாய்ச்ச மனிசன் தங்கம் புள்ள" என்கிறார்கள்.

வாடகைக்கு வந்தவர் பார்த்தேன். வீடு அந்தப் பெண்ணுடையது, அவளுடைய அம்மாவின் வீடு. வந்தவர் முதல் மாதம் கேற்றுக்கு ஒரு ஆமைப்பூட்டு வாங்குகிறார். இரண்டாம் மாதம் அவளுடைய போனை எடுத்துத் தண்ணீருக்குள் விடுகிறார். கோபத்தில் இல்லை, மீனுக்குச் சோறு போடுவது போல. மூன்றாம் மாதத்திலிருந்து பொழுதுபடும் நேரம் மேசையில் ஒரு கடதாசியை விரித்து வைத்துப் பேனையை மூடி கழற்றி அவளுக்கு முன்னால் வைப்பார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று, அவள் தன் பேரை அதில் எழுதவேண்டும். எழுதினால் வீடு அவருடையதாகிவிடும்.

அவள் எழுத மாட்டாள். அவர் சத்தம் போடுவதில்லை. பேனையை மூடி, கடதாசியை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்குப் பார்ப்பம்" என்பார். மறுகா லைற்றை நிறுத்துவார். அதற்குப் பிறகு நடப்பதைப் படத்தில் காட்டவில்லை. காலையில் அவள் முற்றம் கூட்டுவது மட்டும் வரும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகக் கூட்டுவாள்.

அங்கே நத்தாருக்கு ஏதும் விசேசமாகச் சாப்பிடத் தந்தார்களா?

யசோதினி


சிறைச்சாலை
22.01.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கல் கழிந்தது, சர்க்கரை இல்லாத புக்கை தந்தார்கள். நலம்.

நீ எனக்கு விசர் பிடிக்க வைக்கிறாய். ஒரு வார்த்தை பேசாத படம் என்று நான் எழுதியும் அந்த மனிசனுக்கு நீ வசனம் கொடுத்திருக்கிறாய்! கடதாசி எங்கே வந்தது, பேனை எங்கே வந்தது? மச்சானிடம் சொல்லி முதலில் கண்ணுக்குக் கண்ணாடி எடு. தனியாக இருந்து பார்ப்பதால்தான் இல்லாததெல்லாம் தெரிகிறது, பயந்தாலும் பரவாயில்லை என்று அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்.

சாலிஹ் நானா, "தம்பி, ஒங்கட தங்கச்சி படத்தத்தான் சொல்றாவா?" என்று கேட்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. என் தங்கச்சி பொய் எழுதுவாளா?

அடுத்து 'துறையில் ஒருத்தி'. எல்லாப் பேய்ப்படத்திலும் எனக்கு இதுதான் உயிர். எடுத்தவர்கள் நாலு பேர், தோணி ஒன்று, கைக் கமெரா ஒன்று. வெளிவந்த ஊரிலேயே இரண்டு நாள்தான் ஓடியதாம். நீ பார்த்ததில்லை என்பதால் கதை சொல்ல மாட்டேன். தேடி எடு.

கேதீசன்


நாவற்குடா
03.03.2024

அண்ணாவுக்கு,

சுகம். எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்க வேண்டாம், கை கொஞ்சம் சுளுக்கு.

துறையில் ஒருத்தி பார்த்தேன். தண்ணீர்க்கரையில் ஒரு பெண். நல்ல வெயில் காலம். ஊரெல்லாம் விசிறிக்கொண்டு திரிகிறது, அவள் மட்டும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டிருப்பாள். ஏன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இடது கைச் சின்னவிரல் மடங்காது. சோறு குழைக்கும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், அவளுடையது இல்லாத மாதிரி.

அவளுக்குத் தூரத்தில் ஒரு அண்ணன் இருக்கிறான். ஒவ்வொரு நாளும் துறைக்கு வந்து தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடுவாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து பதில் கொடுப்பான், சந்தோசமாகத்தான். ஆனால் அவள் கேட்டதற்கு இல்லை, வேறு எதற்கோ.

கடைசியில் அவளும் கூப்பிடுவதை விட்டுவிடுகிறாள். துறை வெறுமையாகக் கிடக்கிறது. அவ்வளவுதான் படம்.

யசோதினி


சிறைச்சாலை
28.03.2024

மதிப்புக்குரிய வசந்தாதேவி சின்னம்மாவுக்கு,

உங்கள் அக்காவின் மகன் கேதீசன். வாழைச்சேனையில் எல்லோரும் சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. மூன்று வருசமாக உங்களோடு பேசவில்லை. "அந்தப் பொடியன்ட சிரிப்பு எனக்குப் பிடிக்கல்ல, யசோக்கு வேணாம்" என்று நீங்கள் சொன்னதற்கு உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்னவன் நான். ஆம்பிளை இல்லாத வீடு என்று என் கூட்டாளியையே கொண்டுவந்து வைத்தேன்.

சின்னம்மா, யசோவை அவன் அடிக்கிறான். அடைத்து வைத்திருக்கிறான். அம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்கிறான். கடிதங்கள் அவன் கையால் போவதால் அவள் படக்கதை மாதிரி எனக்கு எழுதியிருக்கிறாள். நான் மடையன், படம் பிழை, படம் பிழை என்று ஐந்து மாதமாக அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எப்படி விளங்கியது என்றால், கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டுச் சாலிஹ் நானாவிடம், "இந்த டிஸ்க்கை ஊருக்குப் போனதும் உங்களுக்குத் தாறன்" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் ஞாபகம் வந்தது. துறையில் ஒருத்தியைக் காத்தான்குடி ஸாஜித்துக்குக் கொடுத்து நாலு வருசம். அது திரும்பி வரவேயில்லை. பெட்டியில் இல்லாத படத்தை அவள் எப்படிப் பார்த்தாள்? எழுதியது முழுக்க அவளுடைய கதை.

அந்த விரலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை. உங்கள் காலில் விழுகிறேன், போய்ப் பாருங்கள்.

கேதீசன்


வாழைச்சேனை
16.04.2024

கேதீஸ்,

சுகம் விசாரிக்கிற அளவுக்கு நானும் நீயும் இன்னும் வரல்ல. அதை ஆறுதலாப் பேசுவம்.

முந்தநாள் போனன். கேற்றில உள்பக்கத்தால ஆமைப்பூட்டு. அந்த அறுவான்தான் வந்தான். "வாங்க சின்னம்மா, வாங்க சின்னம்மா" எண்டு சிரிச்சிக்கொண்டே திறக்காம நிண்டான். அவக்குக் காய்ச்சலாம், ஒட்டுமாம். அவள் யன்னலுக்க நிண்டாள். நான் கை காட்டினன், அவள் காட்டல்ல. என்ட புள்ள இந்த வெயிலுக்குக் கை மூடின சட்டை போட்டுக்கொண்டு நிக்கிறாள் கேதீஸ். பஸ்ஸில வரும்வரைக்கும் அழுதுகொண்டுதான் வந்தன்.

பொலிசில போய்ச் சொன்னன், அவ வந்து வாயால சொல்லோணுமாம்.

இப்ப கேளு. வைகாசியில அம்மன் கோயில்ல நம்மட தாய்வழிக் குடிச் சடங்கு. அம்மனுக்குப் படையல் கொண்டுபோற நம்மட குடி மடைப்பெட்டி உங்கம்மாட வீட்டில இருந்துதானே போறது. வீட்டுக்காரிதான் தலையில தூக்கோணும். அவன் வேற குடி, அதுல வாய் வைக்க அவனுக்கு உரித்தில்ல. நான் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரிட்டப் பேசிட்டன். கோயிலுக்குப் பின்னால ஓட்டோ வச்சிக்கொண்டு நிப்பன், அவளை ஏத்தி இஞ்ச கொண்டுவந்துருவன். நீ அவளுக்கு எப்படியாவது அறிவி. படம் எண்டே எழுது, உனக்கு வேற என்ன தெரியும்?

வசந்தாதேவி


சிறைச்சாலை
24.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கை சுளுக்கு மாறியதா? மச்சானுக்கும் என் விசாரிப்பு.

இனி உன்னைத் திருத்த மாட்டேன். நீ பார்த்த படங்கள்தான் சரி. நான்தான் பிழையாகப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று பார். பெட்டியின் அடியில் கிடக்கும், பேர் எழுத மறந்துவிட்டேன். பனி விழுகிற ஏதோ ஒரு ஊர்ப் படம். அங்கே வருசத்துக்கு ஒரு நாள் ஒரு வம்சத்துப் பெண் தலையில் பெட்டி சுமந்து கோயிலுக்குப் போகவேண்டும். அவளைப் பிடித்து வைத்திருக்கும் பிசாசு பொல்லாதது, ஆனால் அந்த ஒரு நாள் அதனால் மறிக்க ஏலாது. கோயிலுக்குப் பின்னால் அவளுடைய சிறிய தாய் வண்டிலோடு நிற்பாள். அவள் பெட்டியை இறக்கிவிட்டு வண்டிலில் ஏறிவிடுவாள், திரும்பியே வரமாட்டாள். எனக்குப் பிடித்த முடிவு.

கட்டாயம் பார் தங்கச்சி. இதைப் பிந்திப் பார்க்கக் கூடாது.

அண்ணன்


நாவற்குடா
12.05.2024

அன்பின் மச்சான் கேதீசுக்கு,

நிலோஜன். நலம், உன் நலத்துக்கும் கும்பிடுகிறேன்.

யசோவுக்குக் கை சுகமில்லாதபடியால் நான் எழுதுகிறேன். இனி நானே எழுதுவேன், அவளைக் கஸ்டப்படுத்த வேண்டாம்.

நீ சொன்ன படத்தை அவளுக்காகத் தேடினேன். நூற்றுப் பதினாறு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக வெளியில் எடுத்துப் பேர் பார்த்தேன். பேர் எழுதாத டிஸ்க் ஒன்றுகூட அதற்குள் இல்லை மச்சான். இல்லாத படத்தை ஏன் பார்க்கச் சொல்கிறாய்? கடிதத்தை அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லையாம்.

இந்தப் படங்களால்தான் அவளுக்கு மனம் குழம்புகிறது என்று நினைக்கிறேன். பெட்டியை வாவிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டேன். டிஸ்க்கெல்லாம் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டு கிடந்துவிட்டுத் தாண்டுபோயிற்று. கோயிலால் ஆள் வந்தது, இந்த வருசம் இவ வரமாட்டா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன்.

நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. நான் அவளோடேயே இருக்கிறேன்.

அன்புடன்,
நிலோஜன்


நாவற்குடா
09.06.2024

அண்ணாவுக்கு,

நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம். இதை நானே எழுதி, நானே தபால் கந்தோருக்கு நடந்துபோய்ப் போடுகிறேன். அவன் உங்களுக்கு எழுதியதைச் சொல்லித்தான் போட்டான். அதை வாசித்துவிட்டு நீங்கள் என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்று தெரியும்.

டி.வி.யை அவன் உங்கள் முதல் கடிதத்துக்கு முன்னமே வெளியில் கொடுத்துவிட்டான். நான் ஒரு படமும் பார்க்கவில்லை. நான் எழுதியதை அவன் விசர் என்றான், நீங்களும் பிழை பிழை என்று எழுதியதை வாசித்துச் சிரித்துக்கொண்டேதான் தபாலில் போட்டான். உங்கள் கடைசிக் கடிதத்தை அவன் வாசித்து முடித்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் கண்ணீர் வந்ததற்குக் காரணம் கேட்கவில்லை.

சடங்கன்று பின்னேரம் தெருவில் பறைச் சத்தம் கேட்டது. நம்முடைய குடிப் பெண்கள் நாற்பது பேர் கேற்றடியில் வந்து நின்றார்கள். வண்ணக்கர் வெளியில் நின்று, "குடிப் பெட்டி எங்க? வீட்டுக்காரி எங்க?" என்று கூப்பிட்டார். இவன் போய்த் தலையிடி, காய்ச்சல் என்று என்னவெல்லாமோ சொன்னான். அவர் கேட்டது போலவே காட்டிக்கொள்ளவில்லை. திரும்பவும் அதையே கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது இவன் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தான். என் காதடியில், "போயிட்டு நேரா வா. நான் இஞ்சதான் இருப்பன்" என்றான்.

பெட்டியைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தேன். கையை உயர்த்தினால் சட்டை இறங்கும்தானே. முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது. நான் இழுத்து மூடவில்லை அண்ணா. முன்னால் நடந்தேன், பின்னால் வந்த நாற்பது பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பாதி வழியில் பெண்களின் குரவைச் சத்தம் நின்றுவிட்டது. பறை மட்டும் கேட்டது. கோயிலில் பெட்டியை இறக்கியதும் சின்னம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு கத்தின கத்து வாழைச்சேனைக்கே கேட்டிருக்கும்.

கோயிலுக்குப் பின்னால் ஓட்டோவும் காத்து நின்றது. "ஏறு மகள், ஏறு" என்று இழுத்தா. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், நான் போனால் அவன் அந்த வீட்டில் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு இருப்பான். "நான் ஏன் சின்னம்மா போகோணும்? அது என்ட வீடு" என்றேன். இறங்கித் திரும்பி நடந்தேன். எல்லோரும் கூட வந்தார்கள்.

அவன் குசினி வாசலில் கதிரையில் இருந்தான். "எல்லாரும் இருங்க, தேத்தண்ணி போடுறன்" என்றான், அந்த நல்ல குரலில். ஒருத்தரும் இருக்கவில்லை, வளவு நிறைய நின்றார்கள். சின்னம்மா உள்ளே போய் அவனுடைய உடுப்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தா. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராக எல்லோருக்கும் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பைக் கண்டு அடுத்த வீட்டுக்காரி அழுதுவிட்டா.

பொலிசில் முறைப்பாடு எழுதியாயிற்று, நானே போய் வாயால் சொன்னேன். விரலுக்கு இனி ஒன்றும் செய்ய ஏலாதாம். சின்னம்மா பத்து நாளாக என்னோடு இருக்கிறா. பகலில் வீடு அமைதியாகக் கிடக்கும்போதுதான் இன்னும் பயம். கதிரையை வெளியில் கொடுத்துவிட்டோம், ஆனாலும் அந்த வாசலால் போகும்போது நான் ஒதுங்கித்தான் போகிறேன்.

அண்ணா, ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் எனக்குப் பாசம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது, அது பாசத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. நீங்கள்தான் அவனை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். நான் அடிபட்டு எழுதியதற்கு நீங்கள் கண்ணாடி எடுக்கச் சொன்னீர்கள்.

புரட்டாதியில் விடுவார்கள் என்று சின்னம்மா சொன்னா. வாருங்கள், சோறு சமைத்து வைப்பேன். ஆனால் இங்கே தங்க வேண்டாம், சின்னம்மா வீட்டில் தங்குங்கள். எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. வரும்போது முந்தி மாதிரிக் கேற்றைத் தள்ளிக்கொண்டு வரக்கூடாது. வெளியில் நின்று கூப்பிடுங்கள். நான் வந்து பார்த்துவிட்டுத் திறக்கிறேன்.

யசோதினி